எல்லைச் சாலையின் அல்லங்காடி

பகலில் கூடும் சந்தைக்கு நாளங்காடி என்றும், இரவில் கூடும் சந்தைக்கு அல்லங்காடி என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் விரித்துரைப்பதோடு, அடையும் மோதகமும் விற்ற வணிகர் இரவு முதிர்ந்த வேளையில் தம் பண்டங்களின் அருகிலேயே கண்ணயர்ந்ததையும் சொல்கிறது. கள் விற்கும் கடைகளில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலையில் காண்கிறோம். இரவுக் கடையும் கள்ளுக்கடையும் நமக்குப் புதியன அல்ல. ஆயினும் இவ்விரண்டும் ஒரே சாலையில் அடுத்தடுத்து நின்று, இரண்டு அரசாங்கங்களின் சட்டங்களுக்கேற்ப வளர்ந்தும் தேய்ந்தும் வந்த ஓரிடம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையிலுள்ள சிற்றூர்களே அவ்விடம்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரில் பலர் இச்சாலையைப் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்திருப்பர். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, நெய்யாற்றுப் பாலத்தை அடுத்த அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. அதன்பின் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. ஊர்ப்பெயர்களைக் கூர்ந்து நோக்குங்கள். தோட்ட நிலத்தைக் குறிக்கும் 'விளை' என்னும் தென்னாட்டுச் சொல் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒன்றுபோல் நிற்கிறது. இருட்டிய பிறகு இச்சாலையின் ஓரங்களில் தட்டுக்கடைகள் விளக்கேற்றுகின்றன. நான்கு சக்கரத்தின்மேல் ஒரு பலகை, ஒரு தோசைக்கல், ஆவி பறக்கும் ஒரு கொதிகலம், வாடிக்கையாளர் அமர ஒரு பெஞ்சு. கடை என்பது இவ்வளவே. தோசையும் ரசவடையும் முட்டையும் கட்டன்சாயாவும் விடியும்வரை கிடைக்கும். கள்ளுக்கடையோ இரவின் முற்பகுதியிலேயே கதவடைக்க வேண்டும் என்பது கேரள விதி. ஒன்று அடையும் நேரத்தில் மற்றொன்று திறக்கிறது. குடித்து எழுந்தவனும், நெடுந்தூரம் வண்டியோட்டி வந்தவனும், அகாலத்தில் மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டு செல்பவனும் அந்த ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். அந்தப் பெஞ்சு இச்சாலைக்கு எளிதில் வந்துவிடவில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம். தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிய பின்னும் இரண்டையும் இணைத்த இந்த வழியில் போக்குவரத்துக் குறையவில்லை. நாஞ்சில் நாட்டு நெல்லும், கடற்கரை உப்பும் கருவாடும், பனங்கருப்பட்டியும் மாட்டுவண்டிகளில் வடக்கே சென்றன. வெயிலுக்கு அஞ்சிய வண்டிக்காரர் இரவிலேயே பயணம் செய்தனர். வண்டியின் அடியில் ஒரு விளக்குத் தொங்கும். மாடுகள் வழியறிந்து நடக்கும். தலைச்சுமையாளர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றச் சுமைதாங்கிக் கற்களும், தங்கி இளைப்பாறக் கல்தூண் நிறுத்திய வழியம்பலங்களும் இருந்தன. கோடையில் சில அம்பலங்களில் நீர்மோர் வழங்கும் தருமமும் நடந்தது. 'வழியம்பலம்' எத்தனை அழகிய சொல்! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இதனை வேற்று மொழியில் ஒரே சொல்லால் பெயர்க்க இன்றுவரை கைவரவில்லை.

அம்பலத்தில் நிழல் கிடைத்தது, நீர் கிடைத்தது. சோறு கிடைத்ததா? திருவிதாங்கூர் அரசர்கள் ஊட்டுப்புரைகள் அமைத்து வழிப்போக்கருக்கு இலவசமாக உணவிட்டனர். அதனால் அந்நாடு தருமபூமி எனப் புகழ் பெற்றது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் பாதிரியார் திருவிதாங்கூரைப் பற்றி 1871-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலுக்குத் 'தரும நாடு' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். அப்பெயரில் ஒரு குத்தலும் உண்டு. ஊட்டுப்புரைச் சோறு அந்தணர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. அந்தச் சோற்றுக்கான நெல்லை விளைவித்தவனும், அதனைச் சுமந்து வந்தவனும் அதன் வாயிலை அணுக இயலாது. பொதுவழியில் நடப்பதற்கே பலருக்கு உரிமையில்லை. அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்கானூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்த அய்யன்காளி, 1893-ஆம் ஆண்டு வில்லுவண்டியில் ஏறித் தடுக்கப்பட்ட சாலையில் சென்றதே பெரும் போராட்டமாயிற்று. சாலையில் நடக்கவே வண்டியேறிப் போராட வேண்டியிருந்தபோது, சாலையோரத்தில் அமர்ந்து உண்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஊட்டுப்புரை ஏற்காத உழைப்பாளிக்கு இருந்த புகலிடம் கள்ளுக்கடை. அது கீற்று வேய்ந்த ஒரு கொட்டகை. கலயத்தில் கள், துணைக்கு வேகவைத்த கிழங்கும் உறைப்பான மீன்கறியும். அங்கும் வேற்றுமை அறவே இல்லாமற் போய்விடவில்லை; ஆனால் காசு கொடுத்தவனை விலக்கிய கடை நெடுங்காலம் பிழைக்க முடியாது. இதை நான் கள்ளுக்குச் சொல்லும் புகழுரையாகக் கொள்ளவேண்டாம். நாட்கூலியின் பெரும்பகுதியை அதே கலயம் விழுங்கியது என்பதும், அந்த இழப்பைப் பெண்களும் குழந்தைகளும் சுமந்தனர் என்பதும் மறுக்கவியலாத உண்மை.

கள் இறக்குவது கடுந்தொழில். தென்னையிலோ பனையிலோ விரியாத பாளையைக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிதாகச் சீவிக் கலயம் கட்டவேண்டும். காலையும் மாலையும் மரம் ஏறி இறங்குவது தவறக்கூடாது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடிவது பதநீராகவே நிற்கும்; இப்பகுதியினர் அதனை அக்கானி என்பர். சுண்ணாம்பின்றி விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும், மறுநாள் காடியாகும். ஒரு விரல் சுண்ணாம்பில் உணவும் மதுவும் பிரிகின்றன! மரமேறிகள் மீது பழைய அரசாங்கம் வரிக்கு மேல் வரி விதித்தது. ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம் என அவற்றுக்குப் பெயர்.

இத்தொழிலையே விட்டொழியுங்கள் என்று சொன்ன குரலும் இவ்வட்டத்திலிருந்தே எழுந்தது. நெய்யாற்றின்கரைக்கு அண்மையில், நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயணகுரு 1888-ஆம் ஆண்டு சிவலிங்கப் பிரதிட்டை செய்தார். ஈழவர் சிவனை நிறுவும் உரிமை அன்று பெருங்கேள்வியாய் இருந்தது. அதே குரு பிற்காலத்தில் மதுவை நஞ்சென்று கண்டித்து, அதைக் காய்ச்சுவதும் கொடுப்பதும் குடிப்பதும் கூடாதென்று தம்மைப் பின்பற்றியோர்க்கு அறிவுறுத்தினார். கள் இறக்குதலைப் பிழைப்பாகக் கொண்ட சமூகத்தாரிடமே அவர் இதனைச் சொன்னார் என்பதை மறக்கலாகாது. பிழைப்பை விடு என்பது எளிய உபதேசம் அன்று. பலர் கேட்டனர், பலரால் இயலவில்லை. மதுவிலிருந்து கணிசமான வருவாய் பெற்று வந்த அரசாங்கமோ குத்தகை ஏலத்தை நிறுத்தவில்லை. அந்த இலாகாவிற்கு 'அப்காரி' என்று பெயர். பாரசீகத்தில் 'ஆப்' என்றால் நீர். நீர் செய்யும் தொழில் என்பது பொருள். 'அரக்' என்ற அரபுச் சொல்லுக்கோ வியர்வை என்று பொருள். வாலையில் ஆவி வியர்த்துச் சொட்டுவதைக் கண்டு இட்ட பெயர். உழைப்பாளியின் வியர்வையை வாங்கிக்கொண்டு வாலையின் வியர்வையைக் கொடுத்தார்கள் என்று சொன்னால் சிலேடை போலத் தோன்றும். கணக்குப் புத்தகமும் அதையே சொல்லும்.

தேநீர்க்கடை வந்தபின் நிலைமை மெல்ல மாறியது. 1930-களில் இந்தியாவெங்கும் தேயிலையைப் பரப்பப் பெருமுயற்சி நடந்தது. திருவிதாங்கூர் மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் முன்பே இருந்தமையால் பண்டத்திற்குப் பஞ்சமில்லை. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி சமஸ்தான அரசு தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியது. திருவனந்தபுரம்–நாகர்கோவில் தடத்தில் அரசுப் பேருந்துகள் ஓடின. பேருந்து நிற்கும் இடத்தில் சாயாக்கடை முளைத்தது. பேருந்தில் யார் அருகில் யார் அமர்ந்தாலும் கட்டணம் ஒன்றுதான். இறங்கியதும் சாயாக்கடையில் மட்டும் தனி இடமும் தனிக் குவளையும் எப்படி நிலைக்கும்? சில கடைகளில் நிலைத்தன. ஒடுக்கப்பட்டோர்க்குச் சிரட்டையில் தேநீர் வார்த்த கொடுமை நாட்டில் இருந்தே வந்தது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம் கோயில் கதவைத் திறந்தது. உணவுக்கடையின் கதவைச் சட்டப்படி முழுமையாகத் திறந்தது 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமே. தெய்வத்தை அணுகிய பின்னும் தேநீரை அணுகப் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இக்கடைகளின் உணவில் மரச்சீனிக் கிழங்கைத் தனியே குறிப்பிட வேண்டும். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியை ஊக்குவித்தார். 1942-ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் கைப்பட்டு அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூர் ஏழைகளைத் தாங்கியது இக்கிழங்கே. வேகவைத்த மரச்சீனியும் சாளை மீன்குழம்பும் இன்று கள்ளுக்கடையின் சிறப்பு உணவாக விளம்பரம் பெற்று, குடிக்காதோரும் குடும்பத்தோடு தேடிச் சென்று உண்ணும் பண்டமாகிவிட்டது. பஞ்சத்தின் உணவு விருந்தின் உணவாவது உலகெங்கும் நடப்பதுதான்.

இனி எல்லைக்கு வருவோம். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த் தமிழகத்துடன் இணையக் கேட்ட வட்டங்களில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரையும் ஒன்று. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த அப்போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டு உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-ஆம் தேதி முன்சொன்ன நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வட்டத்தை அலகாகக் கொண்டு கோடு கிழித்ததால், அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தம்பி வீடு மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்தில், பாலராமவர்மா மகாராஜா காலத்தில் குடியேற்றப்பட்ட சாலியர் என்னும் தமிழ் நெசவாளர் தெரு உண்டு. அவர்கள் நெய்யும் கைத்தறி வேட்டி இன்றும் கேரளம் முழுவதும் புகழ் பெற்றது. வெளி மாநிலத் தமிழர் என்றால் நாம் தில்லியையும் பம்பாயையும் நினைக்கிறோம். இருந்த இடத்தில் இருந்தபடியே வெளி மாநிலத் தமிழரானவர்களும் உண்டு என்பதை இவ்வட்டம் நினைவூட்டுகிறது.

எல்லை பிறந்ததும் கடைகளுக்கு ஒரு புதிய வாழ்வு பிறந்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி 1937-ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ஆம் ஆண்டு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. கேரளத்திலும் பல பகுதிகளில் மதுவிலக்கு இருந்தது. 1967-ஆம் ஆண்டு ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அரசாங்கம் அதனை நீக்கியது. அதுமுதல் நான்காண்டுகள் களியக்காவிளைக்கு மேற்கே மது உண்டு, கிழக்கே இல்லை. குடிப்பழக்கமுடையோர் மாலையில் எல்லை கடந்து சென்று இரவில் திரும்பினர். 1971-ஆம் ஆண்டு கருணாநிதி அரசாங்கம் தமிழ்நாட்டில் கடைகளைத் திறந்தது. 1974-ஆம் ஆண்டிற்குள் மீண்டும் மூடியது. 1981-ஆம் ஆண்டு எம். ஜி. ஆர். அரசாங்கம் கள்ளையும் சாராயத்தையும் திரும்ப அனுமதித்தது. 1987-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கள்ளுக்குத் தடை வந்தது. அத்தடை இன்றும் நீடிக்கிறது. கேரளத்தில் 1996 ஏப்ரல் முதல் நாள் ஏ. கே. அந்தோணி அரசாங்கம் சாராயத்தை ஒழித்தது. கள் மட்டும் நின்றது. தமிழ்நாட்டிலோ அரசாங்கமே 2003-ஆம் ஆண்டு முதல் டாஸ்மாக் கடைகளை நடத்திப் புட்டியில் அடைத்த மதுவை விற்கிறது. பனையேறி இறக்கும் கள் குற்றம். ஒரே பனை, ஒரே பாளை. களியக்காவிளையில் சட்ட விரோதமாக இருப்பது, பாறசாலையில் உரிமம் பெற்ற வாணிகம். இதில் எந்த அரசின் கொள்கை சரி என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ஆனால் பனைமரம் வளர்த்த ஏழைக்கு மறுக்கப்பட்டது, ஆலை வைத்தவனுக்கு மறுக்கப்படவில்லை என்பதைச் சொல்லாமல் விட மனம் இடங்கொடுக்கவில்லை.

கள்ளுக்கடைக்கு உயிரூட்டியது சட்டங்களின் வேறுபாடு என்றால், இரவுத் தட்டுக்கடைக்கு உயிரூட்டியது சோதனைச் சாவடி. அமரவிளையில் விற்பனை வரிச் சாவடியும் கலால் சாவடியும் ஏற்பட்டன. வாளையாறு, ஆரியங்காவு போன்று கேரளத்தின் முக்கிய வாயில்களில் ஒன்றாக அமரவிளை பெயர் பெற்றது. காய்கறியும் முட்டையும் வைக்கோலும் ஏற்றிவந்த லாரிகள் முத்திரைக்காக இரவெல்லாம் வரிசையில் நின்றன. ஓட்டுநருக்குப் பசி, உதவியாளருக்கு உறக்கம். முன்னதற்கு மருந்து தோசை, பின்னதற்கு மருந்து சாயா. நாஞ்சில் நாட்டு நெற்களஞ்சியத்தைப் பிரிந்த கேரளத்தில் அரிசி விலை உயர்ந்தது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு அரிசி செல்லக் கட்டுப்பாடுகள் இருந்த காலங்களில், சிறு மூட்டைகளில் அரிசி கடத்துவோரும் இச்சாலையின் இரவு வாடிக்கையாளரே. பிடிப்பவரும் பிடிபட அஞ்சியவரும் ஒரே கடையில் சாயா குடித்திருப்பர்! 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்பட்டுப் பயணிகளில் ஒரு பகுதியினர் ரயிலுக்குச் சென்றனர், லாரிகள் செல்லவில்லை. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்து விற்பனை வரிச் சாவடிகளின் வேலை முடிந்தபோதுதான் அந்த நீண்ட வரிசை கலைந்தது. கலால் சோதனை தொடர்ந்தது.

கலால் சோதனைக்குக் காரணம் உண்டு. கள் வேண்டுவோர் மிகுதி, மரமேறுவோர் குறைவு. இளைஞர் அத்தொழிலை விரும்பவில்லை. அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. தென் மாவட்டங்களின் கள்ளுக்கடைகளுக்கு இன்று பெரும்பாலும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலிருந்து அனுமதிச் சீட்டோடு வண்டிகளில் கள் வருகிறது. தமிழர் கேட்டுக் கிடைக்காத வட்டங்களில் சித்தூரும் ஒன்று என்பது வரலாற்றின் குறும்பு. வரத்துப் போதாத இடத்தில் எரிசாராயம் கலக்கும் ஆசை பிறக்கிறது. அந்த ஆசையின் விலை பெரிது. கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நச்சுச் சாராயத்தால் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மாண்டவர் அறுபதுக்கும் மேல். இரண்டிலும் உயிர் நீத்தோரிற் பலர் அன்றாடங்காய்ச்சிகள். கடைக்கு உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மலிவான குவளையைத் தேடுபவனே முதலில் சாகிறான்.

தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2017-ஆம் ஆண்டு பல கடைகள் சாலையை விட்டு ஊருக்குள் நகர்ந்தன. அங்கே குடியிருந்தோர் எதிர்த்தனர். பின்னர் நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்குத் தரப்பட்டது. 2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, மது உண்டு, இல்லை என்ற வேறுபாடே மறைந்து, எல்லாக் கடைகளும் ஒருசேர அடைபட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் இஞ்சிவிளையில் சாவடி அமைத்து, வெளியூரிலிருந்து திரும்பியோரைச் சோதித்து உள்ளே விட்டனர். வேலைக்கும் சந்தைக்கும் நாள்தோறும் எல்லையைக் கடந்தவர்களுக்கு, 1956-ஆம் ஆண்டில் வரைபடத்தில் இட்ட கோடு முதன்முறையாகக் கால்களில் தட்டியது.

இச்சாலையில் எல்லை தெரியாமல் நடக்கும் ஊர்வலம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் இரு மாநிலத்தாரும் கூடி வரவேற்கின்றனர். காவல் ஒரு மாநிலப் போலீசாரிடமிருந்து மற்றொரு மாநிலப் போலீசாருக்கு மாறுகிறது. அன்று பாறசாலையையும் அமரவிளையையும் கடந்து, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் தங்குகின்றனர். உடன் நடந்து வருவோரில் ஊட்டுப்புரைக் காலத்தில் இவ்வழியே செல்ல இயலாதவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர். கோயில் நடை சாத்திய பிறகு அவர்கள் தட்டுக்கடைப் பெஞ்சில் அமர்ந்து தோசை கேட்கின்றனர். தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் கடைக்காரர் மாவை எடுத்துக் கல்லில் ஊற்றுகிறார்.